அண்ணன் குடியை விட்டு 43 நாள் ஆச்சு. அடியை மட்டும் விடலை. இது என்ன கணக்கு?

வண்ணார்பேட்டை தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதைக் கேட்க முடியாது. அங்கே எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கிறது: "எல்லாம் அந்தச் சவத்துக் குடியால வந்தது."

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், பெரும்பாலும் வாழைத்தார் லோடு. மைனி பீடி சுற்றுகிறாள். (மைனி என்றால் எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் அவள் இவள் என்றுதான் எனக்கு வரும்.) பாப்பாவுக்கு ஒன்பது வயது. நான் கட்டிக்கொடுத்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிறேன், ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.

அண்ணன் பத்து வருசமாகக் குடிக்கிறான். முதலில் லோடு இறக்கிய அலுப்புக்கு ஒரு கட்டிங். அப்புறம் குவாட்டர். கடைசி இரண்டு வருசம் மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும் முன்னாலேயே போய் நிற்கிற நிலைமை. அடியும் கூடவே வளர்ந்தது. பாப்பா வாசலில் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பா செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தால் சோறு கேட்பார், ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயுமாக உதறிவிட்டு வந்தால் அவள் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய்விடுவாள்.

மைனி இரண்டு தடவை களக்காட்டில் அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் சமாதானம் பேசிக் கூட்டி வந்தது நான்தான். "குடிச்சாத்தான் மைனி அவன் மிருகம், தெளிஞ்சா தங்கம்." இது என் வாயால் சொன்னது.

ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்த கையோடு, இனி குடிக்க மாட்டேன் என்று சாமிக்குக் கயிறு கட்டினான். முதல் மூன்று நாள் கை கிடுகிடுவென்று நடுங்கியது, தூக்கம் கிடையாது, சுவரில் எறும்பு ஓடுகிறது தட்டிவிடு என்று கத்தினான். சாமி சோதிக்கிறது என்று அம்மா எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தெளிந்துவிட்டான். உண்மையிலேயே குடிக்கவில்லை, நான் சத்தியம் பண்ணுவேன்.

போன புதன்கிழமை 43ஆவது நாள். செருப்பு சுவரோரமாகத்தான் இருந்ததாம். பாப்பா எங்கேயும் போகாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் மைனியின் பீடிக் கூலியை வாங்கி எண்ணிப் பார்த்தான். நூறு ரூபாய் குறைந்தது. பாப்பாவுக்கு நோட்டு வாங்கினேன் என்றாள். "எல்லாருக்கும் பீடியைக் கழிச்சுப் போடுத கணக்குப்பிள்ளை ஒனக்கு மட்டும் ஏன் கழிக்க மாட்டேங்கான்?" என்று ஆரம்பித்தானாம். (சுற்றிக் கொடுத்த பீடியில் சரியில்லாததைக் கழிக்கிறவர்தான் கணக்குப்பிள்ளை.) முறத்தை எட்டி உதைத்தான். இலையும் தூளும் வீடு முழுக்க. அப்புறம் முடியைப் பிடித்து, சுவரில். மூச்சில் ஒரு சொட்டு வாடை இல்லை.

மைனி போனில் என்னிடம் சொன்னது ஒரே வரி: "இப்ப எதைச் சொல்லி என்னைக் கூட்டிட்டு வருவீங்க?"

இத்தனை வருசம் குடியால்தான் அடித்தான் என்றால், இது எதனால்? குடியை நிறுத்தியதால் வந்த கோபமா? இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடுமா? நான் என்ன செய்யணும்?

விட்டுப்போனது ஒன்று. போன பொங்கல் சமயத்தில் போதையில் ஒரு தடவை மைனியின் கழுத்தைப் பிடித்துவிட்டான். உடனே விட்டுவிட்டான். மைனிக்கு ஒரு வாரம் குரல் கட்டியிருந்தது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள்.

பாளை மாமா:

தங்கச்சி, 43 நாள் குடிக்காமல் இருப்பது சாதாரணம் இல்லை. அந்த நேரத்தில் கூலிக் கணக்கு, நோட்டு, நூறு ரூபாய் என்று அவரைச் சீண்டக் கூடாது. பொம்பளைதான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும். மறுபடி குடிக்கிற மாதிரி தெரிந்தால் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி இருக்கிறது, அவருக்கே தெரியாது. எங்கள் தெருவில் இரண்டு பேர் அதில்தான் திருந்தினார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

நான் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் 26 வருசம் நர்ஸ் வேலை பார்த்தவள், அதில் கடைசி ஒன்பது வருசம் மனநல வார்டு. மாமாவுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் கழுத்து விஷயம். நீங்கள் விட்டுப்போனது என்று கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒரு வாரம் குரல் கட்டியது பனியினால் இல்லை, உள்ளே அடிபட்டதால். கழுத்தை நெரித்தால் வெளியே தடமே தெரியாமலும் இருக்கலாம். கையால் முகத்தில் அடிக்கிறவனையும் கழுத்தைப் பிடிக்கிறவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மனைவியின் கழுத்தை ஒரு தடவை நெரித்தவன் கையால் அவள் சாகிற வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது, உலகம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறார்கள். "உடனே விட்டுவிட்டான்" என்பதில் ஆறுதல்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அந்த மூன்று நாள். சுவரில் எறும்பு ஓடியது சாமி சோதனை இல்லை. தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நாலு நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரும். உயிர் போகக்கூடியது. உங்கள் அண்ணன் தப்பித்தது அதிர்ஷ்டம். கயிறு கட்டுவதை நான் குறைசொல்லவில்லை, எத்தனையோ பேருக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் கயிறு கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, ஒரு வாரப் படுக்கை என்று முடிந்திருக்கும். மறுபடி குடித்து மறுபடி நிறுத்துகிற நாள் வந்தால் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், எலுமிச்சம்பழம் வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. குடிக்கும் அடிக்கும் தொடர்பு உண்டா என்றால் உண்டு, நிச்சயமாக. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், அடிக்கடி போதையாகிற கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் கணவனால் அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்கிறார்கள். குடிக்கவே குடிக்காத கணவன் உள்ளவர்களில் 23 சதவீதம். எல்லாரும் அந்த 70ஐப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் வார்டில் இருந்த காலத்தில் இருந்தே என் கண் அந்த மாதிரி 23களின் மேல்தான். ஒரு சொட்டு குடிக்காதவன் வீட்டிலும் நாலில் ஒருத்திக்குக் கிட்டத்தட்ட அடி விழுகிறது. அது எந்தச் சரக்கால்?

சரக்கு மூளையின் கடிவாளத்தைத் தளர்த்தும். எதிரே இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும், நாளைக்கு என்ன ஆகும் என்பது மறைந்துபோகும். அதனால் ஏற்கெனவே அடிக்கிற பழக்கம் உள்ளவன் அடிக்கடி அடிப்பான், பலமாக அடிப்பான். ஆனால் இவள் என் கைக்குள் இருக்கவேண்டியவள், இவள் கூலி என் கூலி என்கிற நினைப்பு பாட்டிலில் வருவது இல்லை. அது குடிக்கும் முன்னாலேயே இருக்கிறது, குடியை விட்ட பிறகும் இருக்கும். ஒன்று கேட்கிறேன். போதையில் அண்ணன் எத்தனை தடவை வாழைமண்டி முதலாளியை அடித்திருக்கிறான்?

குடியை விட்ட பிறகு சில மாதம் தூக்கமின்மையும் எரிச்சலும் இருக்கத்தான் செய்யும். குடியை விட்டு விட்டபடியே இருப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் அடி நிஜமாகவே குறையும், அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் குறையுமா என்று பார்ப்பதற்கு மைனியை அந்த வீட்டில் வைத்துச் சோதனை பண்ணக் கூடாது.

அந்தக் கணக்குப்பிள்ளை பேச்சையும் கவனியுங்கள். நெடுநாள் குடித்தவர்களில் சிலருக்கு மனைவி மேல் சந்தேகம் வெறும் கோபப் பேச்சாக இல்லாமல் அசைக்க முடியாத நம்பிக்கையாக இறுகிவிடும். பீடியைக் கழிக்காததும் சாட்சி, கழித்தாலும் சாட்சி. குடி நின்றும் அது போகவில்லை என்றால் தனியாக மருந்து வேண்டும். டாக்டரிடம் குடியை மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை என்று யாராவது கூப்பிட்டால், மைனியைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் உண்மையைச் சொன்னால் அதற்கான அடி வீட்டுக்கு வந்த பிறகு விழும். நான் பார்த்திருக்கிறேன்.

மாமா, உங்கள் பொடி. அதில் டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம். டாக்டர் பார்த்து, நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடவேண்டிய மருந்து. தெரியாமல் கொடுத்து அந்த ஆள் மேலே குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து சாவு வரை போகும். கண்டுபிடித்துவிட்டான் என்றால் உதை யாருக்கு? சாம்பார் வைத்தவளுக்கு.

அம்பை பழைய ஆள்:

சிஸ்டர் கேட்டாங்களே, மண்டி முதலாளியை அடிச்சானா என்று, அந்த இடத்தில் போனை வைத்துவிட்டேன். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான் குடியை விட்டு 11 வருசம். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ஏ.ஏ. கூட்டத்துக்கு இன்றைக்கும் போகிறேன். அங்கே குடியைப் பற்றிப் பேசியது ஆயிரம் தடவை இருக்கும். அடியைப் பற்றிப் பேச எனக்கு நாலு வருசம் ஆச்சு.

போதையில் என்ன செய்தேன் என்று நினைவே இல்லை என்று என் வீட்டுக்காரியிடம் சொல்வேன். சில ராத்திரி நிஜமாகவே நினைவு இருக்காது, குடித்தவனுக்கு அது உண்டு. ஆனால் நினைவு இருந்த ராத்திரிகளுக்கும் அதையே சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது, முதலில் வாசல் கதவைச் சாத்துவேன். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அதற்கு அப்புறம்தான் கை. மாமியார் வந்து தங்கின நாட்களில் எவ்வளவு ஏற்றியிருந்தாலும் பூனை மாதிரி படுத்துக்கொள்வேன். கதவு சாத்தத் தெரிந்தவனுக்கு, மாமியார் இருக்கிறாளா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு என்னத்த போதை?

குடியை விட்ட முதல் வருசம் நான் குடித்த காலத்தைவிட மோசம் என்று அவள் இப்போது சொல்கிறாள். குடிக்கிறப்ப காலையில் குற்ற உணர்ச்சி இருக்கும், பூ வாங்கிட்டு வருவேன். விட்ட பிறகு அதுவும் கிடையாது. ‘நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன வேணும் உனக்கு?’ என்ற திமிர். ஊரே என்னைப் பாராட்டுது, இவள் மட்டும் பாராட்டலையே என்று. தங்கச்சி, 43 நாள், 43 நாள் என்று நீங்களும் எண்ணுகிறீர்கள். அவன் அதை வட்டிக்கடைச் சீட்டு மாதிரி வைத்திருப்பான்.

ஏ.ஏ.வில் குடியை விட்டவன் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டிய படிகள் உண்டு. அதில், நம்மால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் எழுதி, ஈடு செய்யணும் என்று ஒன்று வரும். நான் அவளிடம் போய் மன்னிப்பு கேட்டேன். அழுதேன்கூட. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "மன்னிப்பெல்லாம் வேண்டாம். வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட தனியா இருக்கணும், என் கூலியை நீங்க கேக்கக் கூடாது" என்றாள். எனக்கு அவமானமாகிவிட்டது, அன்றைக்கும் கை ஓங்கினேன். அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருசம் திரும்பவில்லை. யாரும் சமாதானம் பேசிக் கூட்டி வரவில்லை. நானே சமைத்துச் சாப்பிட்டு, யார் மேலேயும் பழி போட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை வருசம் எனக்குச் செய்ததைக் கயிறும் செய்யவில்லை, கூட்டமும் செய்யவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். என்னோடு விட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் அடிக்கிறார்கள், குடிக்காமல்.

கொக்கிரகுளம் படியேறியவள்:

வேலை நேரம், சுருக்கமாக. நான் இந்த வழியில் போனவள்.

2005ஆம் வருச குடும்ப வன்முறைச் சட்டம். இதற்கு விவாகரத்து கேட்க வேண்டியது இல்லை, அவரை ஜெயிலில் போட வேண்டியது இல்லை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூகநலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நடந்ததை அவர் ஒரு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். தங்கச்சி, உங்களுக்கு முக்கியமானது: மைனிதான் போய்ச் சொல்லவேண்டும் என்று இல்லை. வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்கு வராது. ஆனால் மைனியைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அண்ணன் யார் சொன்னது என்று தேடும்போது வீட்டில் இருக்கப்போவது அவள்.

கோர்ட் என்ன செய்யும்? அடிக்கக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. வீடு அண்ணன் பேரில் இருந்தாலும் சரி, உங்கள் அம்மா பேரில் இருந்தாலும் சரி, அவளை வெளியே தள்ள முடியாது. தேவைப்பட்டால் அவரை வெளியே இருக்கச் சொல்லியும் உத்தரவு போடலாம். செலவுக்குப் பணம், பாப்பா யாரிடம் இருப்பது, எல்லாம் அதே மனுவில். உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஒரு வருசம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்கணும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஏழு மாதம் ஆச்சு. ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைத்தது, அதை முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் செலவு வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் விசாரியுங்கள், போன் 15100.

நான் முதலில் போன ஸ்டேஷனில் "குடிச்சிருந்தாராம்மா? தெளிஞ்சதும் சரியாகிடும், போங்க" என்று அனுப்பினார்கள். அதனால் நீங்கள் எழுதும்போது குடித்த நாள், குடிக்காத நாள் இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். அந்தப் புதன்கிழமையை விட்டுவிடாதீர்கள். தலை சுவரில் பட்டிருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, கணவன் அடித்தது என்றே பதியச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தச் சீட்டு நமக்கே எதிரி.

ராத்திரி பகல் எந்த நேரமும் 181. பேசி முடித்ததும் அந்த நம்பரை அழித்துவிடச் சொல்லுங்கள். கூலியை எண்ணிப் பார்க்கிறவர் செல்லையும் பார்ப்பார்.

வண்ணார்பேட்டை தங்கச்சி:

நாலு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் போட முடியவில்லை.

சிஸ்டர், மண்டி முதலாளியை ஒரு தடவைகூட அடித்தது இல்லை. போன வருசம் மண்டியில் 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், அன்றைக்கு நல்ல போதையில் இருந்தான், "சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் மைனியின் கம்மல் காதோடு கிழிந்தது. இரண்டையும் ஒரே நாளாக நான் இதுவரைக்கும் யோசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் லோடுக்குப் போயிருந்தான். மைனியிடம் முதலில் மன்னிப்பு கேட்டேன். அவள் இலை வெட்டிக்கொண்டே, "நீங்க என்ன செய்வீங்க மைனி, உங்க அண்ணன்" என்றாள். கேஸ் வேண்டுமா என்று கேட்டேன், இப்போது சொல்லத் தெரியவில்லை என்றாள். வற்புறுத்தவில்லை. இனி கூட்டிட்டு வர நான் வர மாட்டேன், வெளியே போகணும் என்றால் மட்டும் வருவேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கிளம்பும்போது ஒரு மஞ்சப்பை கொடுத்தாள். பி.எஃப். காகிதம், பேங்க் புத்தகம், ஆதார், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், கிழிந்த கம்மலில் ஒற்றை. நான் வருவதற்கு முன்னாலேயே எடுத்து அடுக்கி வைத்திருக்கிறாள், எப்போது என்று கேட்கவில்லை. பை இப்போது என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது.

அம்மாவிடம் கழுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவன்தான் இப்ப குடிக்கதில்லையே" என்றாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. தலைக்குக் காட்டப் போகிறோம், மைனி சம்மதித்துவிட்டாள். முடித்துவிட்டுக் கொக்கிரகுளத்தில் சும்மா போய் விசாரிக்க மட்டும் செய்யலாம் என்று அவளே சொன்னாள். அண்ணன் கேட்டால் எனக்குப் பத்தமடையில் பாய் எடுக்கப் போனோம் என்று சொல்வதாகப் பேச்சு. அதனால் திரும்பும்போது நிஜமாகவே ஒரு பாய் எடுக்கணும். படியேறியவள் அக்கா, கலெக்டர் ஆபீஸில் அந்த அலுவலகம் எத்தனை மணிக்கு ஆள் வரும், பாப்பாவையும் கூட்டி வரலாமா, கொஞ்சம் சொல்லுங்கள்.

கொக்கிரகுளம் படியேறியவள்:

பத்து மணிக்கு மேலே வாங்க, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலே. பாப்பாவைக் கூட்டி வாங்க, ஆனால் பேசுகிற நேரம் அவளை யாராவது வெளியே வைத்துக்கொள்ளணும். நான் வெள்ளிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு வருகிறேன். பச்சைக் குடை, வாசல் பக்கம் நிற்பேன்.